மூலிகை குடற்புழுவைக் கொல்கிறதா? செம்மறி ஆட்டுப் புழுவில் சோதித்தறிய ஒரு முழுமையான வழிகாட்டி

இந்த வழிகாட்டி கால்நடை மருத்துவம், தாவரவியல், மருந்தியல் மாணவர்களில் முதன்முறையாக இப்படியொரு சோதனையில் இறங்குபவர்களுக்கானது. செடியைப் பறிப்பதிலிருந்து ஆட்டின் புழுக்கையில் முட்டை எண்ணுவது வரை எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்பதை, காரணங்களோடு சொல்ல முயன்றிருக்கிறேன். எடுத்துக்காட்டாகக் கொள்ளும் புழு, செம்மறியிலும் வெள்ளாட்டிலும் நான்காம் இரைப்பையில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் கன்டார்டஸ். நான் பார்த்தவரையில், தோற்றுப்போன சோதனைகளில் பெரும்பாலானவை புழுவைத் தொடுவதற்கு முன்பே தோற்றுவிட்டவை; ஆகவே முதல் மூன்று படிகளை நிதானமாகப் படியுங்கள்.

1. முதலில் புழுவை முடிவு செய்யுங்கள், செடியை அல்ல

"இந்த மூலிகை புழுவுக்கு நல்லது" என்று பாட்டி சொன்னதை வைத்துக்கொண்டு வருபவரிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, "எந்தப் புழுவுக்கு?" என்பதுதான். நாடாப்புழு, உருளைப்புழு, இலைப்புழு ஆகியவை உடலமைப்பில் ஒன்றுக்கொன்று மிகவும் மாறுபட்டவை; ஹீமாங்கஸ் ஓர் உருளைப்புழு. பூசணி விதையும் பாக்கும் நாடாப்புழுவுக்கு வழங்கிவந்த பொருள்கள். அவற்றை உருளைப்புழுவில் சோதித்து, பயனில்லை என்று எழுதினால் அது மரபின் கூற்றைச் சோதித்ததாகாது.

ஹீமாங்கஸைத் தேர்வதற்குக் காரணங்கள் உண்டு. ஒரு பெண் புழு நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடுவதால் சோதனைக்கு முட்டைப் பஞ்சம் வராது. முதிர்ந்த பெண் புழு 2 முதல் 3 செ.மீ. வரை நீளமிருப்பதால் வெறுங்கண்ணால் பார்த்தே எடுக்கலாம். ஆட்டுத்தொட்டியில் வெட்டப்படும் ஆடுகளின் இரைப்பையிலிருந்து அது எளிதில் கிடைக்கும்.

மண்புழுவை மட்டும் எடுக்காதீர்கள். நம் மருந்தியல் கல்லூரிகளில் பெரடிமா போஸ்துமா என்ற மண்புழுவைச் சாற்றில் போட்டு, அது அசைவற்றுப்போகும் நேரத்தைக் குறித்து, "குடற்புழு நீக்கும் தன்மை நிரூபணம்" என்று முடிப்பது வழக்கமாகிவிட்டது. மண்புழு ஈரத்தோலால் மூச்சுவிடும் வளையப்புழு. சோப்புத்தன்மையுள்ள எந்தச் சாறும், சற்றே அமிலமான எந்த நீரும், சிறிதளவு சாராயமும் அதைக் கொன்றுவிடும். உருளைப்புழுவோ ஆட்டின் செரிமான நீரையே தாங்கி வாழும் தடித்த மேலுறை கொண்டது. முன்னதன் சாவு பின்னதைப் பற்றி எதையும் சொல்வதில்லை.

2. அனுமதியும் முட்டை தரும் ஆடும்

காகித வேலையை முதலில் முடியுங்கள். ஆட்டுக்குச் சாறு கொடுக்கும் கட்டம் உங்கள் திட்டத்தில் இருந்தால், பதிவுபெற்ற நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழுவிடம் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும். சோதனை முடிந்தபின் பெறும் ஒப்புதலை எந்த ஆய்விதழும் ஏற்காது. காப்புரிமை கோரும் எண்ணமோ வெளிநாட்டுக் கூட்டாளியோ இருந்தால், 2002ஆம் ஆண்டின் பல்லுயிர்ச் சட்டப்படி சென்னையிலுள்ள தேசியப் பல்லுயிர் ஆணையத்தை அணுக வேண்டியிருக்கும்.

அடுத்து, முட்டை தரும் ஆடு. பட்டியிலுள்ள ஏதோவொரு ஆட்டின் புழுக்கையில் நாலைந்து வகைப் புழுக்களின் முட்டைகள் கலந்திருக்கும். நுண்ணோக்கியில் அவற்றில் பல ஒன்றுபோலவே தெரியும். ஆகவே தொட்டியிலிருந்து கொண்டுவந்த ஹீமாங்கஸ் பெண் புழுக்களை நசுக்கி முட்டையெடுத்து, புழுவற்ற ஆட்டின் வேகவைத்த சாணத்தில் கலந்து, சுமார் 27 டிகிரியில் 7 நாள் வைத்தால், ஆட்டைத் தொற்றவல்ல மூன்றாம் நிலை இளம்புழுக்கள் கிடைக்கும். அவற்றைப் புழுவற்று வளர்த்த ஓர் ஆட்டுக்குட்டிக்கு வாய்வழி கொடுங்கள். ஏறத்தாழ மூன்று வாரத்தில் புழுக்கையில் முட்டை வரத் தொடங்கும்.

குட்டியைப் புழுவற்று வளர்க்கும் நாள்களையும் சேர்த்து இதையெல்லாம் கூட்டினால், குட்டியைத் தனியே பிரித்த நாளிலிருந்து முதல் முட்டைக்கு இரண்டு மாதம் ஆகிவிடும். செடியைப் பறித்து, உலர்த்தி, சாறெடுத்துக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டு அதன் பிறகு ஆட்டைத் தேடுபவர்களின் சாறு, முட்டை வருவதற்குள் பழையதாகிவிடும். ஆடு முதலில், செடி பிறகு.

3. செடியின் அடையாளத்தை உறுதி செய்தல்

இந்தப் படியில்தான் நம்மவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள், ஏனென்றால் இங்கே எல்லோருக்கும் செடிகள் "தெரியும்". முருக்கன் விதையை எடுத்துக்கொள்ளுங்கள். சித்த மருத்துவத்தில் புழு நீக்கத்துக்குச் சொல்லப்படும் முருக்கன் விதை என்பது புரசமரத்தின், அதாவது பியூட்டியா மோனோஸ்பெர்மாவின் விதை. ஆனால் முருக்கு என்ற பெயர் கல்யாண முருங்கை என்னும் எரித்ரினா மரத்துக்கும் உண்டு. அதன் இலைச்சாறும் புழுவுக்குக் கொடுக்கப்படுவதுதான். பெயரை மட்டும் காதால் கேட்டுக்கொண்டு போகிறவர் முருங்கைக்காய் மரத்தடியில்கூடப் போய் நிற்கலாம். மூன்று மரங்கள், மூன்று வெவ்வேறு வேதிப்பொருள்கள்.

நாட்டுமருந்துக்கடைச் சரக்கு இன்னும் சிக்கலானது. வாய்விடங்கம் என்று விற்கப்படும் மிளகு போன்ற உருண்டைகள் எம்பெலியா ரைப்ஸ் கொடியின் காய்களாக இருக்க வேண்டும். ஆனால் அதன் உறவுக் கொடியான எம்பெலியா ட்ஜெரியம் கோட்டம், வேறு பேரினத்தைச் சேர்ந்த மிர்சின் ஆஃப்ரிக்கானா ஆகியவற்றின் காய்களும் அதே பெயரில் கலந்து வருகின்றன. உலர்ந்த காயைப் பார்த்து மட்டும் பிரிப்பது கடினம்.

ஆகவே செடியை நீங்களே, பூவோ காயோ உள்ள நிலையில், வளர்ந்த இடத்திலிருந்து எடுங்கள். ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, இடம், நாள், பறித்தவர், உள்ளூர்ப்பெயர் ஆகியவற்றை எழுதி, கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவர மதிப்பாய்வகத்தின் தென்மண்டல மையத்திலோ அங்கீகாரமுள்ள வேறொரு உலர்தாவரச் சேகரிப்பிலோ அடையாளச் சான்று பெற்று மாதிரியை ஒப்படையுங்கள். பத்தாண்டு கழித்து ஒருவர் உங்கள் முடிவைச் சந்தேகித்தால் அந்த மாதிரி ஒன்றே சாட்சி. பறித்த பருவத்தையும் குறித்துவையுங்கள். மழைக்குப் பின் துளிர்த்த இலையிலும் கோடையில் முற்றிய இலையிலும் டானின் என்னும் துவர்ப்புப் பொருளின் அளவு ஒன்றாக இருப்பதில்லை.

4. சாறெடுத்தல்: மரபு எப்படிக் கொடுத்ததோ அப்படித் தொடங்குங்கள்

நிழலில் உலர்த்துங்கள், உலர்கருவியில் வைத்தால் 40 டிகிரியைத் தாண்ட வேண்டாம். பூஞ்சை பிடித்த இலையைச் சேர்க்காதீர்கள், பூஞ்சையின் நஞ்சே புழுவைக் கொன்றுவிடலாம்.

எந்தக் கரைப்பான் என்ற கேள்விக்கு, கையிலிருக்கும் மெத்தனாலே விடையாகிவிடுகிறது. மக்கள் அதை எப்படி உட்கொண்டார்கள் என்று முதலில் கேளுங்கள். வாய்விடங்கத்தின் எம்பெலின் நீரில் ஏறக்குறையக் கரையாதது, மரபிலும் அதைச் சூரணமாகவே விழுங்குகிறார்கள். அதைக் கொதிக்கவைத்து வடித்த நீரைச் சோதித்துவிட்டு வேலை செய்யவில்லை என்பது நியாயமில்லை. பப்பாளி விதையில் இதற்கு நேர்மாறான பொறி இருக்கிறது. அதிலுள்ள கந்தகச் சேர்மத்தைப் புழுக்கொல்லிப் பொருளாக மாற்றும் நொதி, விதையை நசுக்கும்போதுதான் வேலை செய்கிறது. முதலில் கொதிக்கவைத்துவிட்டுப் பிறகு அரைத்தால் நொதி அழிந்துபோகும், வெறும் சக்கைதான் மிஞ்சும். எனவே குறைந்தது ஒரு நீர்ச்சாறும் ஒரு சாராயச் சாறும் தனித்தனியே எடுப்பது என் வழக்கம்.

100 கிராம் உலர்ந்த தூளிலிருந்து எத்தனை கிராம் சாறு கிடைத்தது என்பதைத் தவறாமல் எழுதுங்கள். அந்த எண் இல்லாமல் எட்டாம் படியின் கணக்கைப் போடவே முடியாது. உலர்ந்த சாற்றைக் காற்றுப்புகாக் குப்பிகளில் சிறுசிறு அளவாகப் பிரித்து உறைநிலையில் வையுங்கள். ஒரே குப்பியைத் திரும்பத் திரும்பத் திறந்து மூடினால் ஈரம் ஏறி எடை பொய்யாகும்.

5. முட்டைப் பொரிப்புச் சோதனை

புழுக்கையை ஆட்டின் மலக்குடலிலிருந்து நேரடியாக எடுங்கள், தரையிலிருந்து பொறுக்காதீர்கள். எடுத்த 3 மணி நேரத்துக்குள் முட்டைகள் சோதனையில் இருக்க வேண்டும். கரு வளரத் தொடங்கிவிட்டால் முட்டை மருந்தைத் தாங்கும் அளவு மாறிவிடும். காலையில் எடுத்ததை மதிய உணவுக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம் என்பவர் வேறு சோதனையைச் செய்துகொண்டிருக்கிறார்.

புழுக்கையை நீரில் கரைத்துப் பெரிய கண் சல்லடையிலிருந்து சிறிய கண் சல்லடைக்கு வரிசையாக வடித்து, கடைசியில் 25 மைக்ரான் சல்லடையில் தங்குவதைச் செறிவான உப்புநீரில் மிதக்கவிட்டு முட்டையைப் பிரியுங்கள். பிரிந்தவுடன் உப்பு போக நன்றாக அலசுங்கள், உப்பில் நின்ற முட்டை சுருங்கிச் சாகும். அலசுவதற்குக் காய்ச்சி வடித்த நீர் வேண்டும். குழாய்நீரின் குளோரின் உங்கள் மூலிகையின் பெயரில் நற்பெயர் வாங்கிவிடக் கூடாது.

24 குழித்தட்டின் ஒவ்வொரு குழியிலும் சுமார் 100 முட்டைகள் வருமாறு விட்டு, அதே கனஅளவு சாற்றுக் கரைசலைச் சேர்த்து, 25 முதல் 27 டிகிரியில் 48 மணி நேரம் வைத்தபின் ஒரு துளி லூகால் அயோடின் விட்டு எல்லாவற்றையும் நிறுத்துங்கள். இங்கே ஏறக்குறைய எல்லாப் புதியவர்களும் செய்யும் பிழை ஒன்று உண்டு. 0.25 மி.லி. முட்டை நீரோடு 0.25 மி.லி. சாறு சேரும்போது சாற்றின் செறிவு பாதியாகிவிடுகிறது, 10 மி.கி. என்று எழுதியது உண்மையில் 5 மி.கி. வேண்டிய செறிவைப்போல் இருமடங்கில் கரைசலைத் தயாரியுங்கள்.

ஒப்பீட்டுக் குழிகள் மூன்று வகை. நீர் மட்டும் உள்ளது ஒன்று. சாற்றைக் கரைக்கப் பயன்பட்ட கரைப்பான், அதே அளவில், சாறின்றி உள்ளது இரண்டாவது. டைமெத்தில் சல்பாக்சைடு என்றால் 1 விழுக்காட்டைத் தாண்ட வேண்டாம். மூன்றாவது, அறிந்த மருந்து. இதற்குத் தயாபெண்டசோல் ஏற்றது. ஐவர்மெக்டின் பெயர்பெற்ற மருந்து என்பதால் அதைப் போட்டுவிட்டு, முட்டைகள் பொரித்ததைக் கண்டு திகைப்பவர்கள் உண்டு. அது முட்டை பொரிப்பதைத் தடுக்கும் மருந்தே அல்ல. தயாபெண்டசோலிலும் முட்டை பொரித்தால் உங்கள் புழுக்கள் அந்த மருந்துக் குடும்பத்துக்கு எதிர்ப்புப் பெற்றவையாக இருக்கக்கூடும். தமிழ்நாட்டு ஆட்டுப் பண்ணைகளில் அத்தகைய எதிர்ப்பு பதிவாகியிருக்கிறது.

எண்ணும்போது பொரித்தது, பொரிக்காதது என்ற இரண்டு கட்டம் போதாது. கரு வளராத முட்டை, உள்ளே இளம்புழு உருவாகியும் வெளிவராத முட்டை, வெளிவந்த இளம்புழு என்று மூன்றாகப் பிரித்து எண்ணுங்கள். முதல் வகை அதிகமென்றால் சாறு கருவைத் தாக்குகிறது. இரண்டாம் வகை அதிகமென்றால் டானின் முட்டையோட்டில் படிந்து வழியை அடைத்திருக்கலாம். இதைத் தெளிவாக்க, டானினைப் பிடித்துக்கொள்ளும் பாலிவினைல் பாலிபைரோலிடோன் தூளைச் சாற்றில் கலந்து வடித்தெடுத்து மீண்டும் சோதியுங்கள்; வீரியம் காணாமல் போனால் வேலை செய்தது டானின்தான். இந்த ஒரு கூடுதல் நாள், பின்னால் வேதிப்பொருளைத் தேடி வீணாகும் ஓராண்டை மிச்சப்படுத்தும்.

எண்ணுபவருக்கு எந்தக் குழியில் என்ன இருக்கிறது என்று தெரியக் கூடாது. நாம் விரும்பும் விடையைக் கண் தானாகவே எண்ணும்.

6. முதிர்ந்த புழுவில் சோதனை

முட்டையைத் தடுப்பது வேறு, ஆட்டுக்குள் இருக்கும் புழுவைக் கொல்வது வேறு. தொட்டியில் ஆடு வெட்டப்பட்டவுடன் நான்காம் இரைப்பையின் இரு முனைகளையும் கட்டி, வெதுவெதுப்பான பெட்டியில் கொண்டுவாருங்கள். பனிக்கட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் புழு பாதையிலேயே முடங்கிவிடும். துடிப்பாக நெளியும் புழுக்களை மட்டும் பொறுக்கி, 37 டிகிரியில் உள்ள உப்புத்தாங்கல் நீரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் உப்புக்கரைசல்), தட்டுக்குப் பத்தாக வையுங்கள். ஒவ்வொரு செறிவுக்கும் குறைந்தது மூன்று தட்டுகள்.

இங்கே அறிந்த மருந்தாக லெவமிசோல் நன்று. ஆட்டுக்கு வெளியே இந்தப் புழுக்கள் தாமாகவே சோர்ந்து சாகும் என்பதால், மருந்தில்லாத தட்டுப் புழுக்கள் துடிப்போடு இருக்கும் முதல் சில மணி நேரத்தின் கணக்கை மட்டுமே நம்புங்கள். அசைவற்ற புழுவைச் செத்ததாக உடனே எழுதாதீர்கள். சுத்தமான வெதுவெதுப்பான தாங்கல்நீரில் அரை மணி நேரம் போட்டுப் பாருங்கள். மீண்டும் நெளிந்தால் அது மயக்கம். முடங்கிய புழுவும் சாணத்தோடு வெளியேறும் என்பதால் அதுவும் பயனுள்ள செய்திதான், ஆனால் தனிக் கட்டத்தில் எழுதப்பட வேண்டும். சாற்றின் அமிலத்தன்மையையும் அளந்து சரிசெய்துகொள்ளுங்கள், இல்லையேல் நீங்கள் சோதிப்பது புளிப்பை.

7. நச்சுச் சோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்

ஆடுதீண்டாப்பாளை என்ற பெயரே ஒரு தகவல். ஆடு தொடாத இந்தச் செடி புழுவுக்கு மருந்தாக நெடுங்காலம் வழங்கியது. தட்டில் வைத்துப் பார்த்தாலும் வீரியம் தெரியும். ஆனால் அதிலுள்ள அரிஸ்டோலோகிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பது, சிறுநீர்ப்பாதையில் புற்றுநோயை உண்டாக்குவது. பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அதை முதல் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதியான பொருள்களில் வைத்திருக்கிறது. நெடுங்காலப் பயன்பாடு உடனடி நஞ்சைப் பற்றி ஓரளவு உறுதி தரும், பத்து இருபது ஆண்டு கழித்து வரும் கேட்டைப் பற்றி எதுவும் சொல்லாது.

எனவே செடியின் பேரினத்தில் அறியப்பட்ட நஞ்சு எதுவும் உண்டா என்று நூலகத்தில் தேடுவதைச் செடியைப் பறிக்கும் முன்பே செய்யுங்கள். பிறகு எலிகளில் கடும் நச்சுச் சோதனையை, பொருளாதாரக் கூட்டுறவு மற்றும் வளர்ச்சி அமைப்பின் (ஓ.இ.சி.டி.) 423ஆம் நெறிமுறைப்படி, கிலோ உடல் எடைக்கு 5, 50, 300, 2,000 மி.கி. என்ற படிநிலைகளில் ஒன்றிலிருந்து தொடங்கிச் செய்யலாம். தட்டில் நல்ல முடிவு வந்தது என்பதற்காக வீட்டுக் குழந்தைக்கோ பக்கத்துவீட்டு ஆட்டுக்கோ சாற்றைக் கொடுப்பது, எத்தனை நல்ல எண்ணத்தோடு செய்தாலும், ஏற்கத்தக்கதல்ல.

8. தட்டிலிருந்து ஆட்டுக்கு: முதலில் கணக்கைப் போடுங்கள்

பாதி முட்டைகளைத் தடுக்கும் செறிவு மி.லி.க்கு 2 மி.கி. என்று வந்ததாக வைத்துக்கொள்வோம். 25 கிலோ செம்மறியின் முதல் இரைப்பையில் சுமார் 5 லிட்டர் இருக்கும். அந்தச் செறிவை அங்கே எட்டவே 10 கிராம் சாறு வேண்டும். சாறு 10 விழுக்காடு கிடைக்கும் செடியென்றால் 100 கிராம் உலர்ந்த இலை, பச்சையாக ஏறத்தாழ அரைக் கிலோ. இதுவும் பாதி விளைவுக்குத்தான். நுண்ணுயிர்கள் சாற்றைச் சிதைப்பதையும், அது நான்காம் இரைப்பையை அடைவதற்குள் நீர்த்துப்போவதையும் இன்னும் சேர்க்கவில்லை.

மி.லி.க்கு 50 மி.கி.யில் புழு செத்தது என்று மகிழ்பவர்கள் இந்தக் கணக்கைப் போட்டால், 250 கிராம் உலர்சாற்றை ஓர் ஆட்டின் வாயில் ஊற்ற வேண்டிவரும் என்பதைக் காண்பார்கள். பல செடிகள் இந்த இடத்தில் நின்றுவிடும். நின்றுவிடுவதே சரி, ஆடுகளை வீணாகத் துன்புறுத்தாமல் தப்பித்தோம்.

9. ஆட்டில் சோதனை

மூன்று குழுக்கள் தேவை: சாறு பெறுவது, அறிந்த மருந்து பெறுவது, அதே அளவு வெறும் நீர் பெறுவது. குழுவுக்குப் பத்து ஆடுகளுக்குக் குறையாமல், தொடக்கத்தில் ஒரு கிராம் புழுக்கையில் 150க்கு மேல் முட்டை உள்ளவையாக எடுத்து, முட்டை எண்ணிக்கையும் எடையும் குழுக்களுக்கிடையே சமமாகும்படி குலுக்கிப் பிரியுங்கள். ஒவ்வொரு ஆட்டையும் எடைபோட்டே மருந்தளவைத் தீர்மானியுங்கள். கண்மதிப்பில் 20 கிலோ என்ற ஆடு தராசில் 27 கிலோ காட்டும்.

முட்டை எண்ண மெக்மாஸ்டர் தட்டு (கோடிட்ட இரு அறைகள் கொண்ட எண்ணும் கண்ணாடித் தட்டு) போதும். 3 கிராம் புழுக்கையை 42 மி.லி. நீரில் கரைத்து வடித்து, ஒரு பங்கை மையச்சுழற்சியில் படியவிட்டு, மேல்நீரை நீக்கி அதே கனஅளவுக்குச் செறிந்த உப்புநீர் சேர்த்து, தட்டின் இரு அறைகளிலும் எண்ணியதை 50ஆல் பெருக்கினால் கிராமுக்கான எண்ணிக்கை. மருந்து கொடுத்த 10 முதல் 14 நாளில் மீண்டும் எண்ணுங்கள்.

நீர் பெற்ற குழு ஏன் இன்றியமையாதது என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. சாறு பெற்ற குழுவின் சராசரி 1,000இலிருந்து 480ஆகக் குறைந்தால், 52 விழுக்காடு வீரியம் என்று எழுதத் தோன்றும். அதே 1,000இல் தொடங்கிய நீர்க்குழுவும் தானாகவே 800க்கு வந்திருந்தால், உண்மையான குறைவு 480ஐ 800ஓடு ஒப்பிட்டு வரும் 40 விழுக்காடுதான். தீவனம், பருவம், ஆட்டின் எதிர்ப்பாற்றல் எல்லாமே முட்டையைக் குறைக்கும்.

இன்னும் இரண்டு ஏமாற்றங்கள் உண்டு. சாறு கழிச்சலை உண்டாக்கினால் சாணம் நீர்த்து, புழு ஒன்றுகூடச் சாகாமலேயே கிராமுக்கான முட்டை குறைந்துவிடும். ஆகவே சாணத்தின் தன்மையையும் நாள்தோறும் குறியுங்கள். சில பொருள்கள் பெண் புழுவின் முட்டையிடுதலைச் சில நாள்கள் நிறுத்திவைக்கும், புழு பிழைத்து மீண்டும் இடும். இதைக் கண்டறிய 28ஆம் நாளிலும் ஒருமுறை எண்ணுவதோ, ஒப்புதல் இருந்தால் குழுவுக்கு 6 ஆடுகளையேனும் அறுத்து இரைப்பைப் புழுக்களை நேரடியாக எண்ணுவதோ வேண்டும்.

உலகக் கால்நடை ஒட்டுண்ணியியல் சங்கத்தின் அளவுகோலில் 98 விழுக்காட்டுக்கு மேல் மிகுந்த வீரியம், 90 முதல் 98 வரை வீரியம், 80 முதல் 89 வரை நடுத்தரம், அதற்குக் கீழ் போதாது. மூலிகைச் சாறுகளில் மிகப் பெரும்பான்மை இந்தக் கடைசித் தட்டில்தான் விழும். அதை அப்படியே எழுதுங்கள். "குறிப்பிடத்தக்க வீரியம்" என்ற சொல்லால் 40ஐ மூடாதீர்கள். அத்துடன் இரத்தத்தில் சிவப்பணுக்களின் கனவிகிதத்தையும் ஆட்டின் எடையையும் அளந்திருந்தால், முட்டை அதிகம் குறையாவிட்டாலும் ஆடு தேறியதா என்பது தெரியும். ஆடு வளர்ப்பவர் கேட்கும் கேள்வி அதுதான்.

10. குறிப்பேடு

சாற்றின் தொகுதி எண், பறித்த நாள், உலர்தாவர மாதிரி எண், கரைப்பான், கிடைத்த விழுக்காடு, புழுவின் மூலம் ஆகியவை ஒவ்வொரு தட்டின் பதிவிலும் இருக்கட்டும். தட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, மேற்புறத்தில் முதலில் எழுத வேண்டியது நீர் மட்டும் இருந்த குழியின் பொரிப்பு விழுக்காடு. அது 80க்குக் கீழே இருந்தால் நான் அந்தத் தட்டின் மற்ற எண்களைப் பார்ப்பதில்லை. புதிய முட்டையெடுத்து மறுநாள் திரும்பச் செய்வேன். 80க்கு மேல் 100க்குள் இருந்தால், சாற்றுக் குழியில் பொரித்ததை நீர்க்குழியில் பொரித்ததால் வகுத்து, ஒன்றிலிருந்து கழித்துத் திருத்திய பிறகே, பாதி விளைவு தரும் செறிவைக் கண்டறியும் புரோபிட் என்னும் புள்ளியியல் கணக்குக்குச் செல்வேன்.